பேனாவை விடுங்கள், தாளைப் பாருங்கள்

டிஜிட்டல் பேனா, அதாவது தாளில் எழுதுவதைக் கணினிப் பதிவாகவும் மாற்றும் பேனா, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பேனா நல்லது?" பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், புளூடூத் உண்டா, எவ்வளவு பக்கம் நினைவில் நிற்கும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். தாளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் இந்த முறையில் பாதிக்கு மேல் வேலை நடப்பது தாளில்தான். அலுவலகத் திட்டங்கள் படுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

நான் சொல்வது ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் உருவான அனோட்டோ நிறுவனத்தின் முறையை. தாளில் அச்சிட்ட நுண்புள்ளிகளைப் பார்த்தே அதில் பேனா தன் இடத்தை அறியும். எரிக்சனின் சாட்பென், நோக்கியாவின் டிஜிட்டல் பேனா, 2002-இல் வந்த லாஜிடெக் ஐஓ, 2008-இல் வந்த லைவ்ஸ்கிரைப் பல்ஸ் எல்லாம் அந்தக் குடும்பம். கொரியாவின் நியோ ஸ்மார்ட்பென் தனக்கென்று வேறொரு புள்ளிக் குறியீடு வைத்திருக்கிறது. மோல்ஸ்கின் 2016-இல் விற்கத் தொடங்கிய பேனாவும் நோட்டும் நியோவின் முறையில் அமைந்தவை. குறியீடு வேறானாலும் கருத்து ஒன்றே.

அந்தத் தாளைக் கையில் எடுத்தால் லேசாகச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோலத்துக்கு வைத்த நேர்ப்புள்ளி மாதிரி 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள். ஆனால் எந்தப் புள்ளியும் சரியாகக் கட்டத்தின் சந்திப்பில் இல்லை. மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கில் ஒரு பக்கம் ஒரு மயிரளவு விலகியிருக்கும். நான்கு திசை என்றால் ஒரு புள்ளிக்கு 2 பிட் தகவல். 6-க்கு 6 என்று 36 புள்ளிகளைப் பார்த்தால் 72 பிட். அதற்குத் தேவையான இடம் 1.8-க்கு 1.8 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம் மட்டுமே. அந்தச் சதுரத்தைப் பார்த்தாலே, அது எந்தப் பக்கத்தின் எந்த இடம் என்று பேனாவுக்குத் தெரிந்துவிடும். ஒரே அமைப்பு மறுபடி வராமல் 6 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் தாள் அச்சிடலாம் என்பது அனோட்டோவின் கணக்கு. ஆசியாவையும் ஐரோப்பாவையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

பேனாவுக்குள் இருப்பது ஒரு சாதாரண பால்பாயின்ட் ரீஃபில், அதன் பின்முனையில் ஓர் அழுத்த உணரி, முனையருகே ஓர் அகச்சிவப்பு விளக்கு, ஒரு சிறு கேமரா. முனை அழுந்தியதும் கேமரா விழித்து வினாடிக்கு 70-க்கும் மேற்பட்ட படங்களை எடுக்கும். ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு ஆயம் (தாளில் முனை இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்கள்), ஒரு நேரம். அவ்வளவுதான் பதிவு. நீங்கள் எழுதிய மையை அது பார்ப்பதே இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் கோளாறுகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

அச்சு

புள்ளி விலகும் தூரம் சுமார் 0.05 மில்லிமீட்டர். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்) பிரின்டரில் ஒரு பிக்சல் 0.042 மில்லிமீட்டர். அதாவது தகவல் முழுவதும் ஒரே ஒரு பிக்சல் நகர்வில் உட்கார்ந்திருக்கிறது. ஏ4 தாள் ஒன்றில் கிட்டத்தட்ட 6,90,000 புள்ளிகள். இவ்வளவு நுட்பமான சரக்கை அலுவலகத்து மூலையில் நிற்கும் பிரின்டரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

முதல் வில்லன், அச்சுப் பெட்டியில் தானாகவே டிக் ஆகியிருக்கும் 'பக்கத்துக்குப் பொருத்து'. அது தாளை 97 சதவீதமாகச் சுருக்கினால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 0.3 என்பது 0.291 ஆகி, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் பிக்சலுக்குத் தாவி, விலகல்கள் குழம்பிவிடும். 'உண்மை அளவு', 100 சதவீதம் என்று வைத்த பிறகுதான் அச்சிட வேண்டும். டோனர் மிச்சம் பிடிக்கும் வசதியும் கூடாது. இன்க்ஜெட் வேண்டவே வேண்டாம்; மை நாரில் பரவிப் புள்ளி வீங்கிவிடும். பளபளப்புப் பூச்சுள்ள தாளும் வேண்டாம், விளக்கொளி பட்டுத் தெறிக்கும். 80 ஜிஎஸ்எம் மங்கல் வெள்ளைத் தாள் போதும்.

இரண்டாவது வில்லன் இன்னும் தந்திரமானது. கறுப்பு டோனரில் கார்பன் இருக்கிறது, கார்பன் அகச்சிவப்பை விழுங்கும், அதனால் கறுப்புப் புள்ளி கேமராவுக்குக் கரியாகத் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள் டோனர்களில் கார்பன் இல்லை. அவற்றில் அச்சிட்டது நம் கண்ணுக்குத்தான் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. ஆகவே விதி எளிது: கறுப்பு டோனர் புள்ளிகளுக்கு மட்டும். படிவத்தின் எழுத்து, கோடு, கட்டம், லோகோ எல்லாம் வண்ணத்தில். கறுப்பாகவே தெரிய வேண்டிய எழுத்தென்றால் மூன்று வண்ணத்தையும் கலந்து கறுப்பாக்க வேண்டும். வடிவமைப்பாளர் இதையெல்லாம் சரியாகச் செய்து கொடுத்திருப்பார். பிரின்டர் டிரைவரோ, "மூன்று வண்ணம் எதற்கு வீணாக, கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு டோனரே போதும்" என்று தன் சிக்கனத்தைக் காட்டிவிடும். பார்க்க அழகான படிவம் வரும். எழுத்தும் கோடும் உள்ள இடங்களில் மட்டும் பேனா குருடாகும். 'சாம்பல், கறுப்பு நிறங்களுக்குக் கறுப்பு டோனர் மட்டும்' என்ற பொருளில் டிரைவரில் இருக்கும் தேர்வைத் தேடிப்பிடித்து அணைக்க வேண்டும். டிரைவரைப் புதுப்பித்தால் அது மறுபடி உயிர்பெறும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு கட்டு அச்சிலும் முதல் தாள், கடைசித் தாள் இரண்டிலும் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு, நான்கு ஓரங்களில் வட்டம், நடுவில் நான்கு வரி எழுத்து என்று எழுதிப் பதிவைத் திரையில் பார்த்துவிடுங்கள். கோளாறின் வடிவமே காரணத்தைச் சொல்லும். எல்லாத் தாளிலும் ஒரே செங்குத்துப் பட்டையில் கோடு விட்டுப்போனால் பிரின்டரின் டிரம் அல்லது டோனர். ஒரே பேனாவில், தாளின் எந்த இடம் என்றில்லாமல் விட்டு விட்டுப் போனால் கேமரா ஜன்னலில் தூசி. அச்செழுத்து உள்ள இடத்தில் மட்டும் போனால் மேலே சொன்ன டிரைவர் சிக்கல். எழுதாதபோதும் எழுத்துக்கு எழுத்து இணைப்புக் கோடு வால்போல் வந்தால் தாளை விட்டுவிட்டு ரீஃபிலைப் பாருங்கள்.

ரீஃபிலும் மையும்

நியோ முதலிய பல பேனாக்கள் டி1 என்ற 67 மில்லிமீட்டர் நீளச் சிறு ரீஃபிலை ஏற்கின்றன. கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அரை மில்லிமீட்டர் நீளம் கூடினால் அது உணரியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். பேனா தூக்கினாலும் எழுதுவதாகவே நினைக்கும். நீளம் குறைந்தாலோ தொடக்கம் விழுங்கப்படும், 'ச' எழுதினால் பாதியிலிருந்துதான் பதிவு ஆரம்பிக்கும். புது ரீஃபில் போட்டதும் மெல்லிய கோடு பத்து இழுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

மையில் கார்பன் இருக்கக்கூடாது. நீல பால்பாயின்ட் மை பொதுவாகச் சாயத்தால் ஆனது, கேமராவுக்கு அது கண்ணாடி மாதிரி. கறுப்பு ஜெல் மைகளில் பலவும் கார்பன் நிறமி கொண்டவை. எழுதும்போதே கீழுள்ள புள்ளிகளை அவை மூடிவிடும்; முதல் கோடு வரும், அதன் மேலேயே திருத்தினால் வராது. பென்சிலும் அதே வகை: முன்கூட்டிப் பென்சிலில் குறித்துவிட்டு அதன் மேல் டிஜிட்டல் பேனாவால் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். வெள்ளைத் திருத்த மை, பார்கோடு ஸ்டிக்கர், ஒட்டிய புகைப்படம் எல்லாம் புள்ளியை மறைப்பவை. ரப்பர் ஸ்டாம்ப் மையை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஊதா மை பெரும்பாலும் தொந்தரவு தராது. கறுப்பை நம்ப முடியாது.

அடித்துத் திருத்துவதிலும் கவனம் வேண்டும். தாளில் ஒருவர் 'இல்லை' என்பதைக் கோடிழுத்து அடித்து 'ஆம்' என்று எழுதினால் மனிதக் கண்ணுக்குக் குழப்பமில்லை. மென்பொருளுக்கு இரண்டும் எழுத்து, கோடும் ஓர் எழுத்து. எனவே ஆம்/இல்லைக் கட்டங்களுக்கு அருகே 'ரத்து' என்று ஒரு சிறு கட்டம் வைப்பது நல்லது.

எந்தத் தாள் யாருடையது

நோட்டு எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலி சிறியது, நிறுவனத்துக்கு மிகப் பெரியது. ஒரு படிவத்தை 500 பிரதி அடிக்கிறீர்கள். 500-லும் ஒரே புள்ளி அமைப்பா, பிரதிக்குப் பிரதி வேறா?

ஒரே அமைப்பென்றால் அச்சகத்தில் அடித்துக்கொள்ளலாம், மலிவு. ஆனால் பேனாவுக்கு 500-ம் ஒரே தாள்தான். ஒரு படிவம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அதற்குச் சொல்வது, படிவத்தின் அடியில் உள்ள 'அனுப்பு' கட்டத்தில் போடும் டிக் மட்டுமே. அந்த டிக்கை மறந்தால் இரண்டாவது வாடிக்கையாளரின் பெயர் முதலாமவரின் பெயர்மேல் ஏறி உட்காரும். மருத்துவமனையில் இது நடந்தால் ஒரு நோயாளியின் மருந்தளவு இன்னொருவரின் படிவத்தில் போய் விழும். தாள்கள் பிழையற்றே இருக்கும், பதிவில்தான் கலப்படம். இந்தக் காரணத்தாலேயே, உயிரோ பணமோ சம்பந்தப்பட்ட படிவத்துக்கு ஒரே அமைப்பைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி.

பிரதிக்கொரு அமைப்பென்றால் ஒவ்வொரு தாளுக்கும் தனி முகவரி. பெயர், வாடிக்கையாளர் எண் ஆகியவற்றை முன்பே அச்சிட்டுத் தாளோடு கட்டிவிடலாம், பாதி எழுத்து வேலையும் குறையும். ஆனால் டிஜிட்டல் பிரின்டரில்தான் அடிக்க முடியும். எந்தத் தாள் யாருக்குப் போனது என்ற கணக்கும் வைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒருவர் வெற்றுப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துவிடுவார். பிரதி மங்கலாக இருந்து பேனா படிக்காவிட்டால் அது நல்ல காலம். படித்துவிட்டால் ஒரே முகவரியில் இரண்டு ஆட்கள். படிவத்தின் ஓரத்தில் 'நகலெடுக்கக் கூடாது' என்று அச்சிட்டால் மட்டும் போதாது. கூடுதல் வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு கையருகே இருக்க வேண்டும், அப்போதுதான் ஜெராக்ஸ் பக்கம் கால் போகாது.

லைவ்ஸ்கிரைப் நோட்டுகளில் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பதும் இதற்காகத்தான். முதல் 1-ஆம் நோட்டு முடிந்து, இன்னொரு 1-ஆம் நோட்டை எடுக்கும் முன் பழையதைக் கணினியில் ஆவணக் காப்புக்கு நகர்த்திவிட வேண்டும். இல்லையேல் புதுக் குறிப்பு பழையதன் மேல் எழுதப்படும்.

கையெழுத்திலிருந்து தட்டெழுத்து

விற்பவர் "98 சதவீதத் துல்லியம்" என்பார். அது ஓர் எழுத்துக்கு. பத்து இலக்க மொபைல் எண் முழுதும் சரியாக வர 0.98-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 0.82. ஐந்தில் ஏறக்குறைய ஒரு எண் தப்பு. 99 சதவீதம் என்றாலும் பத்தில் ஒன்று போகும். இந்தக் கணக்கை ஒப்பந்தத்துக்கு முன்னால் போட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

எனவே எண்களைத் தனித்தனிக் கட்டங்களில் வாங்க வேண்டும். கட்டம் 6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 1-க்கும் 7-க்கும், 0-க்கும் 6-க்கும் மாதிரி வடிவத்தைப் படிவத்தின் தலையிலேயே அச்சிடுங்கள். சரிபார்ப்பு இலக்கம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுச் சேர்த்தது) உள்ள எண்ணா என்று பாருங்கள். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படுவது. ஒரு இலக்கம் தப்பாகப் படிக்கப்பட்டாலும் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். மொபைல் எண்ணுக்கு அப்படி ஏதுமில்லை, ஒரு மனிதர் திரையில் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த மனிதரின் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்தீர்களா?

தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சிப் பின்னணி நன்றாகவே இருக்கிறது. பெங்களூரில் இருந்த எச்பி லேப்ஸ் இந்தியா, பேனா அசைவுகளாகப் பதிவான தமிழ் எழுத்துத் தொகுப்பை வெளியிட்டது. அதை வைத்து 2006-இல் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கையொட்டிப் போட்டியே நடந்தது. 247 எழுத்துகளை அங்கே 156 குறிகளாக வகுத்துக்கொண்டார்கள். கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை தனியே நிற்பதால் 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்றாகப் படித்தால் போதும்; 'கி', 'கு' போல் ஒட்டியே வருவனவற்றை முழு எழுத்தாகப் படிக்க வேண்டும்.

பேனாவின் பதிவில் வரிசையும் நேரமும் இருப்பதால் ஸ்கேன் படத்தைவிடப் படிப்பது எளிது என்பது உண்மைதான். அதே வரிசையே சில இடங்களில் காலை வாரும். நாம் கொம்பை முதலில் எழுதுகிறோம், யூனிகோடு 'க'வை முதலில் வைக்கிறது. இதைத் திருப்பிப் போடுவது மென்பொருளின் வேலை. பலர் சொல்லை முழுதும் எழுதிவிட்டுத் திரும்பி வந்து புள்ளிகளை மொத்தமாக வைப்பார்கள். அந்தப் புள்ளி எந்த மெய்க்கு உரியது என்று நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது, இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவசரக் கையெழுத்தில் காலும் ரகரமும் ஒன்றே. முகவரி போன்ற பகுதிகளுக்கு ஊர்ப் பெயர்ப் பட்டியலை அகராதியாகக் கொடுத்தால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வரி உயரம் ஆங்கிலத்துக்கு 7 மில்லிமீட்டர் என்றால் தமிழுக்கு 10 கொடுங்கள். 'ணு', 'ழு' கீழ்வரியில் இடித்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

எங்கே பொருந்தும்

திரையில் தேர்வுப் பட்டியல் வேண்டும், தப்பாக நிரப்பினால் அங்கேயே தடுக்க வேண்டும், புகைப்படமும் இருப்பிடமும் சேர வேண்டும் என்றால் டிஜிட்டல் பேனா தேவையில்லை. ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றையும் செய்யும். பேனாவின் இடம் குறுகியது, ஆனால் திடமானது: தாள் எப்படியும் இருந்தே தீர வேண்டிய இடம். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் சர்வீஸ் ரிப்போர்ட், நோயாளி வீட்டிலேயே இருக்க வேண்டிய பேறுகாலக் குறிப்பேடு, வெயிலில் திரை தெரியாத சர்வே வேலை, பெரிய வரைபடத்தில் குறி போடும் வேலை. சியாட்டிலின் அடாப்எக்ஸ் நிறுவனம், தாள் வரைபடத்தில் போட்ட கோட்டை ஆர்க்ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளின் அடுக்காக மாற்றும் மென்பொருளை இதற்காகவே விற்றது.

கையெழுத்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பம் என்று சொல்வது, சட்டத்தில் குறித்த டிஜிட்டல் சான்றிதழ் போன்ற முறைகளை. டிஜிட்டல் பேனாவில் பதிவான கோடு அதுவல்ல. மையில் உள்ள தாள்தான் ஆவணம், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாளும் பதிவும் மோதினால் எதை நம்புவது என்ற கேள்வி ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தெருவுக்கே வந்தது. 2008 பிப்ரவரி மாநிலத் தேர்தலுக்குப் புதிய வாக்குமுறை வந்திருந்தது. பல வாக்குகளை வேட்பாளர்களுக்குப் பிரித்துப் போடலாம் என்பதால் கையால் எண்ணுவது பெரும்பாடு. அதற்காக அனோட்டோ பேனாவால் குறியிடும் வாக்குச்சீட்டைத் திட்டமிட்டார்கள். வாக்காளர் சீட்டைப் பெட்டியில் போடுவார், பேனாவைக் கணினியோடு இணைந்த டாக் என்ற தாங்கியில் செருகினால் எண்ணிக்கை கணினிக்குப் போகும். ஜெர்மன் ஹேக்கர்களின் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் காட்டிய ஓட்டை பேனா வழியாகவே வந்தது: பார்க்க அதே பேனா, உள்ளே வேறு சரக்கு, டாக்கில் செருகினால் கணினிக்குள் நிரல் இறங்கும். பெட்டியில் உள்ள சீட்டு ஒன்று, கணினியில் உள்ளது வேறு என்றால் எது வாக்கு என்பதற்கும் எல்லோரும் ஏற்கும் பதில் இல்லை. 2007 நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். சரியான முடிவு என்றே சொல்வேன்.

இதற்கு நேர் எதிராக, தாளால் மட்டும் முடியாத ஒன்றைப் பேனா செய்துகாட்டிய இடமும் உண்டு. நினைவாற்றல் குறைவைச் சோதிக்க மருத்துவர்கள் கடிகாரம் வரையச் சொல்வார்கள்: வட்டம், எண்கள், 11 மணி 10 நிமிடம் காட்டும் முட்கள். வரைந்து முடித்த படத்தை மட்டும் பார்த்தால் பலருடையதும் சரியாகவே இருக்கும். அமெரிக்காவில் லேஹி மருத்துவமனையின் டேனா பென்னியும் எம்ஐடியின் ராண்டல் டேவிஸும் இதையே டிஜிட்டல் பேனாவால் வரையவைத்தார்கள். எண்களை எழுதி முடித்தபின் முதல் முள்ளைத் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் தயங்கினார், எந்த எண்ணை முதலில் வைத்தார், மொத்த நேரத்தில் மை ஓடிய நேரம் எவ்வளவு, யோசித்த நேரம் எவ்வளவு எல்லாம் பதிவில் இருக்கின்றன. முதியவர் கையில் திரை கொடுத்து மிரட்ட வேண்டியதில்லை, பேனாவும் தாளும் பழகியவையே.

அன்றாட உபயோகத்தில் எனக்கு மதிப்புள்ளதாகப் படுவது ஒன்றே: குரலோடு சேர்ந்த குறிப்பு. லைவ்ஸ்கிரைப் எக்கோ வகைப் பேனாக்கள் எழுதும்போதே ஒலியையும் பதியும். பின்னால் ஒரு சொல்லின்மேல் முனையை வைத்தால் அதை எழுதிய நேரத்தில் பேசப்பட்டது ஒலிக்கும். இதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் வகுப்பில் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. புரியாத இடத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு வைப்பார்கள். பேனாவின் முனை தாளில் உரசும் ஒலி ஒலிவாங்கியில் ஏறும் என்பதால் பேசுபவருக்கு முன்வரிசையில் உட்காருவது நல்லது. பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பதிவது அதைவிட நல்லது.

புள்ளித் தாளே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. வேக்கமின் பேம்பூ வகையில் தாளுக்கு அடியில் உள்ள பலகைதான் பேனாவின் இடத்தை அறிகிறது. எந்தத் தாளும் போதும். ஆனால் பக்கம் திருப்பியதைப் பொத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், மறந்தால் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று. ராக்கெட்புக் போன்ற நோட்டுகள் வெறும் போன் கேமராவை நம்புபவை. அவற்றோடு வரும் ஃபிரிக்ஸியன் மை 60 டிகிரி செல்சியஸில் நிறமிழக்கும். மே மாத வெயிலில் பூட்டிய காரின் முன்பலகையில் நோட்டை வைத்துப் போகாதீர்கள். போனது போகட்டும் என்று விட வேண்டியதில்லை, ஃப்ரீசரில் வைத்தால் ஓரளவு திரும்ப வரும்.

நிறுவனத்துக்கு வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. பேனா தொலைந்தால் அதிலுள்ள படிவங்களைக் கண்டெடுத்தவர் படிக்க முடியுமா? பேட்டரி முழுதும் வடிந்தால் பேனாவின் கடிகாரம் சரியாக நிற்குமா? புள்ளி அமைப்புக்கான உரிமம் பக்கத்துக்கா, படிவத்துக்கா, ஆண்டுக்கா? முக்கியமாக, கோடுகளின் மூலப் பதிவை, அதாவது ஆயமும் நேரமும் அப்படியே, இங்க்எம்எல் வடிவில் வெளியே எடுக்க முடியுமா? அது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2011-இல் தரமாக்கிய வடிவம், எந்த நிறுவனமும் படிக்கலாம். இந்தத் துறையில் கம்பெனிகள் கைமாறுவது சகஜம். லைவ்ஸ்கிரைப்பை அனோட்டோ 2015-இல் வாங்கியது. ஐஓ பேனா இன்று கடையில் இல்லை. மூலப் பதிவு கையில் இல்லாமல் சேவையகம் மூடப்பட்டால், மிஞ்சுவது அலமாரியில் உள்ள தாள் மட்டுமே. அதைத் தேதிவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.